ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காட்டுங்கள்: பெங்களூர்ப் பிள்ளைகளை வேலை செய்கிறவர்களோடு அனுப்ப முழு வழிகாட்டி

அல்சூரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். கணக்கு, அறிவியல், கொஞ்சம் தமிழ் எழுத்து. ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரிடம், உங்கள் தெருவில் இருக்கிறவர்கள் என்னென்ன வேலை பார்க்கிறார்கள், எழுதிக் கொடுங்கள் என்றேன். எல்லாத் தாளிலும் முதல் வரி சாஃப்ட்வேர். அதற்குக் கீழே கம்பெனி, கடை, ஆட்டோ, வீட்டு வேலை. ஒரு பெண் தன் அப்பாவுக்கு நேராக "காலைல போவார்" என்று எழுதியிருந்தாள். சரி, சாஃப்ட்வேர்காரர் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். "டைப் பண்ணுவார் மிஸ்." அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

இத்தனைக்கும் இது பெங்களூர். ஒரு பக்கம் பீன்யாவில் ஆயிரக்கணக்கான பட்டறைகள், இன்னொரு பக்கம் ஒயிட்ஃபீல்டும் எலக்ட்ரானிக் சிட்டியும், நடுவே கே.ஆர். மார்க்கெட், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, ஹைகோர்ட்டு. பிள்ளைகள் இவற்றைத் தாண்டி பஸ்ஸில் போகிறார்கள், வருகிறார்கள், கதவுக்கு உள்ளே நடப்பதைப் பார்த்ததே இல்லை. அடுக்குமாடிப் பிள்ளைக்கு லேத் மெஷின் என்றால் பாடப்புத்தகப் படம். ஸ்ரீராமபுரம் மாதிரி உழைப்பாளர் பகுதிப் பிள்ளைக்கு அலுவலக வாசலில் செக்யூரிட்டியிடம் பெயர் சொல்லவே தயக்கம்.

அப்படித்தான் இது ஆரம்பித்தது. வெளியே ஜாப் ஷேடோயிங் என்பார்கள், எங்கள் பிள்ளைகள் "கூடப் போறது" என்கிறார்கள். ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு நாள் கூடப் போய், நிழல் மாதிரி பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வருவது, அவ்வளவுதான். வகுப்பு நடத்துகிறவர்களும், பள்ளி ஆசிரியர்களும், ஏன், நாலு பெற்றோர் சேர்ந்தாலும் செய்யலாம். எங்களுக்கு எது நடந்தது, எது கவிழ்ந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எது கூடப் போவது, எது இல்லை

இதில் தெளிவு இல்லாவிட்டால் பின்னால் எல்லாமே கோணலாகும். நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கம்பெனி வாசலில் போட்டோ எடுத்து, ஹெச்.ஆர். வந்து ஸ்லைடு போட்டு, கடைசியில் ஃப்ரூட்டி கொடுத்து அனுப்புவார்களே, அது சுற்றுலா. தப்பில்லை, ஆனால் அதில் பிள்ளை பார்ப்பது கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்புவதை மட்டும்தான். இரண்டு மாதம் உட்கார்ந்து வேலை செய்தால் அது இன்டர்ன்ஷிப், அது காலேஜ் பிள்ளைக்கு.

கூடப் போவதில் பிள்ளை பார்க்க வேண்டியது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. ஃபோன் எடுக்காத வாடிக்கையாளர், மூன்றாவது முறையாகத் திருப்பி வந்த பில், சாப்பாட்டுக்கு முந்தின அந்தத் தூக்கம் வரும் அரைமணி நேரம், மேலாளர் திட்டினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது, எல்லாம் சேர்த்து. வேலையின் நல்ல பக்கத்தைச் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடுப்பக்கத்தைக் காட்டத்தான் ஆள் கிடையாது.

ஆயுத பூஜை அன்று பீன்யாவுக்குக் கூட்டிப்போகலாமா என்று ஒரு அப்பா கேட்டார். மெஷினைத் துடைத்து, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அன்று ஒரு மெஷினும் ஓடாது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, பிள்ளை பார்க்க மட்டும்தான் போகிறது, வேலை செய்ய இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது, கலை நிகழ்ச்சிகளில் நடிப்பது மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. "சும்மா பிடிச்சுக்கோ தம்பி" என்பதில்தான் இது ஆரம்பிக்கும், அதனால் முதல் ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 2: யாரை, எப்போது

ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்கள், அப்புறம் முதல் வருஷம் பியூசி, அதாவது பதினொன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள், எஸ்.எஸ்.எல்.சி. பயத்தில் வீட்டில் யாரும் விடமாட்டார்கள். ஒன்பதை ஏன் சொல்கிறேன் என்றால், கர்நாடகாவில் பத்து முடித்த கையோடு பியூசியில் காம்பினேஷன், அதாவது பாடப் பிரிவு, எடுக்க வேண்டும். பி.சி.எம்.பி.யா (இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல்), பி.சி.எம்.சி.யா (உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர்), வணிகத்தில் சி.இ.பி.ஏ.வா என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில் முடிவு செய்கிறது, அதுவும் பெரும்பாலும் எந்தக் காலேஜில் சீட் கிடைத்தது, கூடப் படிக்கிறவன் எங்கே சேர்ந்தான் என்பதை வைத்து.

ஏப்ரல், மே விடுமுறை நல்லது. தசரா விடுமுறையும் சரி, பூஜை நாட்களைத் தவிர்த்து.

பள்ளி மூலமாகச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் 6 முதல் 8 வரையிலான பிள்ளைகளுக்குப் பத்து நாள் பை இல்லாமல் வந்து, தச்சர், தோட்டக்காரர், குயவர் மாதிரி உள்ளூர்க் கைவினைஞர்களிடம் போய்க் கற்கும் ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியரிடம் "இது புதுசு" என்று போனால் ஃபைல் மேசையிலேயே கிடக்கும். "கொள்கையிலேயே இருக்கிறது, பெரிய வகுப்புக்கும் கொஞ்சம் நீட்டுகிறோம்" என்று போங்கள்.

படி 3: பிள்ளையோடு ஒரு மணி நேரம், ஒரு காபி

"என்ன ஆகப் போகிறாய்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டாக்டர், இன்ஜினியர், ஐ.ஏ.எஸ். என்று ஒப்பிக்கும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்துத் தர்ஷினிக்கு (நின்றபடி சாப்பிடும் சின்ன ஹோட்டல்) கூட்டிப்போங்கள். ஒரு காபி வாங்குங்கள். இந்த டம்ளர் நம் கைக்கு வர எத்தனை பேர் கை பட்டிருக்கும், எண்ணு என்று சொல்லுங்கள்.

முதலில் மூன்று பேர் வருவார்கள்: போட்டவர், பணம் வாங்கியவர், டம்ளர் கழுவுகிறவர். அப்புறம் கொஞ்சம் தள்ளிவிட்டால், குடகிலோ சிக்கமகளூரிலோ பழம் பறித்தவர், கொட்டையைக் காய வைத்துத் தரம் பிரித்தவர், வறுத்தவர், சிக்கரி கலந்தவர், விடியற்காலையில் நந்தினி பால் வேன் ஓட்டியவர், பாலில் கொழுப்பு பார்த்த லேப் ஆள், ஃபில்டர் பாத்திரம் அடித்தவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், அந்தப் பில் மெஷினுக்குள் ஓடும் சாஃப்ட்வேர் எழுதியவர், கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுகிறவர், உணவு லைசென்ஸ் சோதிக்க வரும் அதிகாரி. ஒரு பையன் இருபத்தாறு வரைக்கும் போனான். அந்த இருபத்தாறில் எந்த நாலு பேர் செய்வதைப் பார்க்க ஆசை என்று கேளுங்கள். இப்போது வரும் பதில் வேறு மாதிரி இருக்கும். அவன் பால் லேப் என்றான். வீட்டில் அதுவரை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு இடம் போடுங்கள். ஒன்று, ஆசைப்பட்டது. இன்னொன்று, நினைத்தே பார்க்காதது. இரண்டாவதுதான் அதிகம் பேசவைக்கிறது, இது என் அனுபவம்.

படி 4: ஆள் பிடிப்பது

எல்லோரும் இங்கேதான் திணறுகிறார்கள், ஏனென்றால் பெரிய கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வராது. கம்பெனியைக் கேட்காதீர்கள், மனிதரைக் கேளுங்கள். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு, கோயில், தமிழ்ச் சங்கத்தில் பார்க்கிற முகங்கள், உங்கள் பல் டாக்டர், ஆடிட்டர், தையல்காரர், வீட்டு ஏ.சி. பழுது பார்க்க வருகிறவர். எங்கள் பட்டியலில் முதல் பத்துப் பேரில் ஏழு பேர் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள்.

கேட்கும்போது சின்னதாகக் கேளுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம் அண்ணா. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவரை நீங்கள் வேலை செய்யும் இடத்தில் நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா? நீங்கள் எதுவும் தயார் செய்ய வேண்டாம், பாடம் எடுக்க வேண்டாம். வழக்கமான வேலையைச் செய்யுங்கள், பிள்ளை பார்க்கும். கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் எங்கள் பொறுப்பு. சாப்பாடு கையில் வரும். அடுத்த மூன்று வாரத்தில் உங்களுக்குத் தோதான ஒரு நாள் சொல்லுங்கள்."

"தயார் செய்ய வேண்டாம்" என்ற வரிக்குத்தான் பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள். "என் வேலையில பார்க்கிறதுக்கு என்னம்மா இருக்கு" என்று தயங்குகிறவரைத் தவறவிடாதீர்கள், அவர்தான் நமக்கு வேண்டிய ஆள். "கட்டாயம், இளைய தலைமுறைக்கு நான் சொல்ல நிறைய இருக்கிறது" என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. நாலு மணி நேரமும் அவரே பேசுவார்.

ஓய்வுபெற்ற மாமாக்களை மறக்காதீர்கள். ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., ஹெச்.எம்.டி. என்று இந்த ஊர்ப் பொதுத்துறை ஆலைகளில் வேலை பார்த்த தமிழர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். பார்க்க அவர்களிடம் வேலை இல்லை, சரி. ஆனால் 1961-ல் ஜாலஹள்ளியில் தொடங்கிய ஹெச்.எம்.டி. கைக்கடிகார ஆலைக்குள் முப்பது வருஷம் இருந்தவர், 2016-ல் அந்தத் தொழிலை மூட அரசு முடிவு செய்ததையும் பார்த்தவர். ஒரு வேலை எப்படி வருகிறது, எப்படி இல்லாமல் போகிறது, நடுவில் அந்த மனிதர் என்ன கற்றுக்கொண்டு தப்பித்தார் என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் கேட்பது எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. அதே ஜாலஹள்ளியில் இப்போது ஹெச்.எம்.டி. அருங்காட்சியகம் இருக்கிறது, அவரையும் பிள்ளையையும் சேர்த்து அங்கே அனுப்பினால் அரை நாள் போவதே தெரியாது.

படி 5: அனுமதி, பாதுகாப்பு

இதை மட்டும் எழுத்தில் செய்யுங்கள், மற்றதெல்லாம் வாய்ப்பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை. பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம்: எந்த இடம், யாருடன், எத்தனை மணி முதல் எத்தனை வரை, யார் கொண்டுவிடுவது, அவசரத்துக்கு யார் எண், ஒவ்வாமை அல்லது மருந்து ஏதாவது உண்டா. அதன் நகல் கூட்டிப்போகிறவரிடமும் இருக்கட்டும்.

முன்கூட்டியே நீங்கள் ஒருமுறை அந்த இடத்துக்கு நேரில் போய்விட்டு வாருங்கள். கழிப்பறை எங்கே, தனி அறையில் உட்கார வைப்பார்களா, வேறு பெண்கள் யாராவது வேலை செய்கிறார்களா, எல்லாம் அப்போதே தெரியும். ஒரு பிள்ளையைத் தனியாக அனுப்புவதில்லை, இரண்டு பேராக அனுப்புகிறோம். மூடிய அறையில் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்ற நிலை வரவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் சித்தப்பாவாகவே இருந்தாலும். பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், "பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே எனக்கு ஃபோன் பண்ணு, நான் வந்து கூட்டிப்போவேன்" என்பதையும் சொல்லிவையுங்கள். ஒருமுறை ஒரு பெண் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். போய்க் கூட்டிவந்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை, இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள். அங்கே ஒருவர் தொடர்ந்து அவளுடைய சாதியை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடம் எங்கள் பட்டியலில் இப்போது இல்லை.

போட்டோ எடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சாஃப்ட்வேர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஃபோன் பைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

படி 6: முந்தின நாள்

வழியை ஒருமுறை போய்ப் பழக்குங்கள். அல்சூரிலிருந்து பீன்யா என்றால் மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக், அங்கே மாறிப் பச்சை. எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் வழித்தடம் வந்துவிட்டது, ஆர்.வி. ரோட்டில் மாற வேண்டும், சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் நின்ற காலம் முடிந்தது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருந்தால் பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண பி.எம்.டி.சி. பஸ்ஸில் 2023 ஜூன் முதல் டிக்கெட் இல்லை. கைச்செலவைக் கணக்குப் பார்க்கிற வீட்டில் இது பெரிய விஷயம்.

மொழி. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று கலந்துகட்டிப் பேசுகிறவர்கள்தான், ஆனாலும் பட்டறைக்குள் போனதும் வாய் கட்டிக்கொள்ளும். "நமஸ்காரா சார், கெலசா நோடோக்கே பந்தித்தீனி" (வேலையைப் பார்க்க வந்திருக்கிறேன்) என்று வாசலில் சொல்லப் பழக்குங்கள். இந்த ஒரு வரிக்குக் கிடைக்கும் சிரிப்பு அன்று முழுக்க வேலை செய்யும்.

உடை சாதாரணமாக, சுத்தமாக. பட்டறை என்றால் மூடிய ஷூ, முடியைக் கட்டி, துப்பட்டா, வளையல், கழுத்துச் சங்கிலி இல்லாமல். இதில் சலுகையே கிடையாது, சுழலும் மெஷினுக்குத் துப்பட்டா யாருடையது என்று தெரியாது.

படி 7: அந்த நாள்

ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. அரைமணிக்கு ஒருமுறை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: இப்போது அவர் என்ன செய்கிறார், கையில் என்ன இருக்கிறது, யாரிடம் பேசுகிறார். கருத்து வேண்டாம், கண்ணில் பட்டது போதும். "சார் ரொம்ப திறமையானவர்" என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. "பதினொன்றரை: அதே ஆளுக்கு நாலாவது தடவை ஃபோன், எடுக்கவில்லை, சார் டீ குடித்தார்" என்பதில் அந்த வேலையே இருக்கிறது.

கேள்விகளை டீ நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்காமல், இந்த வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர் இந்த ஊரில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்கச் சொல்கிறேன், எல்லோரும் பதில் சொல்கிறார்கள், சிலர் ரொம்ப நேரம் சொல்கிறார்கள். நேற்று எதில் அதிக நேரம் போனது? இந்த வேலையில் தப்பு செய்தால் யாருக்குத் தெரியும், எப்போது தெரியும்? உடம்பில் எங்கே வலிக்கும்? இதைக் காலேஜில் கற்றீர்களா, இங்கே வந்து கற்றீர்களா? உங்கள் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்புவீர்களா? கடைசிக் கேள்விக்கு முன் அவர்கள் மேலே ஃபேனைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பிள்ளை குறுக்கே பேசக் கூடாது.

படி 8: தொழிலுக்குத் தொழில் சில குறிப்புகள்

பட்டறை. பீன்யாவில் சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டுவது) ஓடும் யூனிட் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு புதுப் பாகம் தொடங்கும்போது போவது நல்லது. செட்டிங் செய்கிறவர் முதல் பீஸை வெட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து, திருத்தி, மறுபடி வெட்டி, இன்ஸ்பெக்ஷன் ஆள் சரி சொல்லும்வரை மணிக்கணக்கில் போகும். அதற்கப்புறம் அதே பாகம் மணிக்கு இத்தனை என்று விழும். எங்கள் பையன் பார்த்த பாகத்தில் விட்டுக்கொடுக்கக்கூடிய அளவு பத்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் தடிப்பு. முடியைப் பிடுங்கி அளந்து காட்டியிருக்கிறார் அந்த அண்ணன். தசம எண்களைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற பையன் அன்று வீட்டுக்குப் போய் அவன் அம்மா முடியையும் கேட்டானாம். இந்த வழியில் ஆசை வந்தால், எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ராஜாஜிநகர் ஜி.டி.டி.சி. என்ற அரசுப் பயிற்சி மையத்தில் டூல் அண்ட் டை மேக்கிங் டிப்ளமோ இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் சேர்த்துச் சொல்லுங்கள், பலர் கேள்விப்பட்டதே இல்லை.

சாஃப்ட்வேர். பெரிய வளாகங்களில் பதினெட்டுக்குக் கீழே உள்ளே விடுவது அபூர்வம். இந்திராநகர், கோரமங்களா பக்கத்துச் சின்ன ஸ்டார்ட்அப்களில் கேட்டால் நடக்கும். புரோகிராமர் மட்டும் வேண்டாம். டெஸ்டர், வாடிக்கையாளர் குறை கேட்கிறவர், டிசைனர், இவர்களையும் கேளுங்கள். எங்கள் பையன் ஒருவன் வந்து, "அந்த அண்ணன் நாள் முழுக்க மீட்டிங்ல பேசிட்டே இருந்தார் மிஸ், கோடு முக்கால் மணி நேரம்தான் எழுதினார்" என்று ஏமாந்துபோய்ச் சொன்னான். அந்த அண்ணன் என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார், அந்த நாளை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று. நான் நன்றிதான் சொன்னேன்.

மருத்துவம். ஆபரேஷன் தியேட்டர் கேட்காதீர்கள், கேட்பதே தப்பு. நோயாளிக்கு அந்தரங்கம் உண்டு. பிசியோதெரபி, ரத்தம் எடுக்கும் லேப், மருந்துக்கடை, பல் கிளினிக், இவை போதும், அதுவும் நோயாளி சரி என்று சொன்னால்தான் பிள்ளை அறைக்குள். டாக்டராக வேண்டும் என்ற பெண் ஒருத்தியைக் குழந்தை மருத்துவர் கிளினிக்கில் ரிசப்ஷன் அக்கா பக்கத்தில் உட்கார வைத்தோம். முப்பத்தெட்டு குழந்தைகள் அழுததை எண்ணி எழுதியிருந்தாள். இப்போதும் டாக்டர்தான் ஆக வேண்டும் என்கிறாள், ஆனால் குழந்தை டாக்டர் இல்லையாம்.

நீதிமன்றம். கூடப் போவதற்கு இவ்வளவு வசதியான இடம் வேறில்லை, ஏனென்றால் நம் நாட்டில் நீதிமன்றம் திறந்த இடம், குடும்ப வழக்கு, போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற) வழக்கு மாதிரி சிலதைத் தவிர. முதலில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் யூடியூப் நேரலையை ஒரு மணி நேரம் பார்க்கட்டும், அப்புறம் தெரிந்த வக்கீலோடு சிட்டி சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும். சினிமாவில் வருகிற வாதம் ஒன்றும் இருக்காது. வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. வராந்தாவில் நின்று கட்சிக்காரரைச் சமாதானப்படுத்துவதுதான் பாதி வேலை.

ஆடிட்டர் ஆபீஸ். மாதத்தில் 18, 19, 20 தேதிகளில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஓட்டம், உங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்பின் அலுவலகப் பயிற்சி) செய்யும் பையன் பக்கத்தில் உட்கார வையுங்கள், பெரிய ஆடிட்டர் பக்கத்தில் வேண்டாம். சி.ஏ. படிப்பில் இப்போது இந்தப் பயிற்சி இரண்டு வருஷம், முன்பு மூன்று.

கே.ஆர். மார்க்கெட். விடியற்காலை நாலு மணிக்குப் பெற்றோரோடு. ஓசூர்ப் பக்கமிருந்து ரோஜா மூட்டைகள் இறங்கும், நம் தமிழ்க் குரல்கள் நிறையக் கேட்கும். விலை மணிக்கு மணி மாறும். வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள் ஒன்று, கல்யாணமே இல்லாத ஆஷாடத்தில் இன்னொன்று. மொத்த வியாபாரி கிலோவில் வாங்கியதைக் கட்டிய பிறகு மொழத்திலும் மாரிலும் (இரு கை விரித்த நீளம்) விற்கும்போது கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கே போகலாம்.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பூக்கட்டுகிற அம்மா ஒருவர், "இதுலேர்ந்து வெளிய வரணும்னுதான் மிஸ் உங்ககிட்ட அனுப்புறேன், நீங்க மறுபடி பூ மார்க்கெட்டுக்கே அனுப்புறீங்களே" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம். அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்தோம்: கைத்தொழில் வீட்டுப் பிள்ளையை அலுவலகத்துக்கும், அலுவலக வீட்டுப் பிள்ளையைப் பட்டறைக்கும் மார்க்கெட்டுக்கும் முதலில் அனுப்புவது. அந்த அம்மாவின் மகள் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்குப் போனாள். அந்த அம்மாவிடம், மார்க்கெட்டுக்கு வரும் அடுக்குமாடிப் பிள்ளைக்கு நீங்கள் விலை சொல்வதைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் சிரித்தார். ஒத்துக்கொண்டார்.

படி 9: கவிழும்போது

கவிழும். ஒரு பட்டறையில் பையன் கையில் அரத்தைக் கொடுத்து, வெட்டிய பாகங்களின் பிசிறை மூன்று மணி நேரம் தேய்க்க வைத்துவிட்டார்கள். அவனுக்குச் சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணில் ஒரு துகள் பட்டிருந்தால்? மரியாதையாகச் சொல்லிக் கூட்டிவந்தேன், அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். முதல் ஃபோனில் "பார்க்க மட்டும்" என்று நான் அழுத்திச் சொல்லவில்லை, அது என் தப்பு. அதிலிருந்துதான் அந்த வரி கடிதத்திலேயே ஏறியது.

அந்த மனிதர் அன்று லீவு போட்டுவிடுவார், சொல்லவும் மறந்துவிடுவார். முந்தின நாள் மாலை ஒரு ஃபோன், அன்று காலை ஒரு மெசேஜ், மாற்று ஆள் ஒருவர் கையில். பிள்ளை நடுவில் சலித்துப்போய்த் தூங்கிவிடும், பரவாயில்லை, எத்தனை மணிக்குத் தூங்கியது என்று மட்டும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அதுவும் தகவல்தான்.

படி 10: அன்று மாலை, அடுத்த வாரம்

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், அடுத்த தடவை யாரும் வரமாட்டார்கள். அன்று மாலையே பத்து நிமிஷம் பேச வையுங்கள். நான் கேட்பது மூன்று: நீ எதிர்பார்க்காதது எது, அவர் இடத்தில் உன்னால் எந்த அரைமணி நேரத்தைத் தாங்க முடியாது, எந்த அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. "பிடித்ததா" என்று கேட்டால் "ம்" என்று வரும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

"இது எனக்கு வேண்டாம்" என்று வந்தால் பெற்றோர் முகம் வாடும். நாலு மணி நேரமும் பஸ் காசும் செலவழித்து இதைத் தெரிந்துகொண்டது லாபம், நாலு வருஷமும் நாலைந்து லட்சமும் செலவழித்துத் தெரிந்துகொள்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஆனால் ஒரே நாளை வைத்து ஒரு தொழிலை ஒதுக்கவும் விடாதீர்கள். பிடிக்காதது வேலையா, அந்த மனிதரா, அந்த இடமா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு நாற்பது வயது வக்கீலைப் பிடிக்கவில்லை என்பதும் சட்டம் பிடிக்கவில்லை என்பதும் ஒன்றில்லை. அதே துறையில் இன்னொருவரிடம் இன்னொரு அரை நாள்.

ஒரு வாரத்துக்குள் கையால் எழுதிய நன்றிக் கடிதம் போக வேண்டும், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை செல்லாது. அதில் அன்று பார்த்த ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். முடியை அளந்து காட்டிய அண்ணனுக்குப் பையன் எழுதிய கடிதம், இன்றும் அந்த யூனிட்டின் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.

கடைசியாக, ஒரு பதிவேடு. யார், எந்த இடம், எந்தப் பிள்ளை போனது, எந்த மாதம் தோது, கழிப்பறை எப்படி. கடைசிக் கட்டத்தில் "மறுபடி கேட்கலாமா" என்று ஒரு பத்தி. எங்கள் பதிவேட்டில் பெரும்பாலும் "ஆம்", சிலதில் "மார்ச் வேண்டாம்". ஒரு மாமாவுக்கு நேராக, எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி பென்சிலால் எழுதியது அப்படியே இருக்கிறது: "நல்லவர், நிறையச் சொல்லித் தருவார், மதியம் தூங்கிடுவார், காலைல மட்டும் அனுப்பவும்."